கட்டாயமில்லாத கட்டம்

தலைய ஆட்டாதீங்க சார், கத்தரி காதுகிட்ட இருக்கு. கண்ணாடியில நீங்க எங்க பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். உக்காந்ததுல இருந்து அங்கயேதான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. பாருங்க, நல்லாப் பாருங்க. ஒரு வாரமா வர்றவங்க எல்லாருக்கும் கண்ணு அங்கதான். முடி வெட்டிக்க வர்றாங்களா, என் மண்டையப் பாக்க வர்றாங்களான்னே தெரியல. வர்றவங்கன்னு சொல்றேன்... எங்க வர்றாங்க. காலையில இருந்து நீங்கதான் மொத ஆளு.

ஆமா, டோப்பாதான். பத்து வருஷமா டோப்பாதான். போதுமா?

எல்லாருக்கும் ஒரே கேள்வி. முடி இல்லாதவன் முடி வளர்ற எண்ணெய் விக்கலாமான்னு. ஏன், கண்ணு டாக்டரு கண்ணாடி போடறதில்லையா? எண்ணெய் நல்ல எண்ணெய் சார். என் கையால காய்ச்சறது. என் மண்டைக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். அந்த அலமாரியில இருக்கு பாருங்க. ஒவ்வொரு பாட்டில்லயும் என் படம், என் பேரு, கடை நம்பரு. படம் இருபத்தஞ்சு வயசுல எடுத்தது. அந்த முடி நெசமான முடி. அதுல பொய் கிடையாது.

முன்னாடியெல்லாம் இந்தத் தொல்லையே இல்ல. சீப்பு, பிளேடு கொண்டு வர்ற வியாபாரி ஒருத்தரு, பையோட அடியில எனக்குன்னு ஒண்ணு வச்சிருப்பாரு. கையில காசு, கையில பொட்டலம். ஒரு கேள்வி கேக்க மாட்டாரு. போன வருஷம் மகன் வீட்டோட போயிட்டாரு. எங்கிட்ட இருந்தது வெயில் பட்டுப் பட்டு, காதோரம் கறுப்பு, உச்சியில செம்பட்டைன்னு ஆயிடுச்சு. என்ன பண்றது, ஆன்லைன்லதான் வாங்கணும்.

என் பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவ. அவ சொன்னா, என்ன வாங்கறீங்கங்கறத விட எப்படிக் காசு கட்டறீங்கங்கறதுதான்பா முக்கியம், அதுலதான் எல்லாம் வெளிய போகும்னு. சரின்னு ஒவ்வொண்ணாப் பாத்தோம். வங்கிக் கார்டுல கட்டினா ரெண்டு போனுக்கு செய்தி போகும். ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு என் மச்சினனுக்கு. எதுத்தாப்புல கண்ணாடிக் கதவு போட்ட சலூன் தெரியுதா, அது அவன்தான். வீட்டுக்காரியோட தம்பி. ஒண்ணா வச்சிருந்த கடை ரெண்டாச்சு, வங்கிக் கணக்கு மட்டும் ஒண்ணாவே நிக்குது. மூடணும்னா ரெண்டு பேரும் சேந்து வரணுமாம். சேந்து போறதுக்கு மொதல்ல பேசிக்கணும்ல.

போன்ல கட்டலாம்னா, பேரு நம்பரு எல்லாம் விக்கறவனுக்குப் போயிடுமாம். தவணைன்னு போனா நான் பொறந்த நேரத்த மட்டும்தான் கேக்கல. பொருள் வந்ததும் காசு குடுக்கலாம்னு ஒரு வழி. கொண்டு வர்ற ஆளு தெரு பூரா விசாரிச்சுட்டுத்தான் வருவான். கடைசியில பொண்ணு ஒண்ணு சொன்னா. முன்னாடியே காசு போட்டு வாங்கற பரிசுக் கார்டு. பேரு கிடையாது, கணக்கு கிடையாது, உள்ள இருக்கற காசு தீந்தா தூக்கிப் போட்டுடலாம். மூணு பஸ் ஸ்டாப் தாண்டிப் போய், தொப்பி போட்டுக்கிட்டு வாங்கினேன் சார். கவுன்டர்ல இருந்த பொண்ணு, பரிசுக்கா, உறை மேல பேரு எழுதவான்னு கேட்டா. பேரு மட்டும் வேணாம்மான்னேன்.

மெயிலும் புதுசா ஒண்ணு திறந்தோம். கார்டை சேமிச்சு வைக்கவான்னு கேட்டான், வேணாம்னு அழுத்தினோம். பொருள் வீட்டுக்கு வேணாம், கடைக்கு வேணாம். பஸ் நிலையத்துல பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கான்ல, நம்பர் அழுத்தினா கதவு திறக்கும், அங்க வரட்டும்னு போட்டோம். எறும்பு நுழைய வழியில்ல சார்.

எல்லாம் முடிஞ்சு கடைசியா ஒரு கட்டம். போன் நம்பர். பக்கத்துலயே சின்ன எழுத்துல கட்டாயமில்லைன்னு போட்டிருக்கு. பொண்ணு அந்த நேரம் பாத்து டீ போடப் போயிட்டா. வெறுங் கட்டமா விட எனக்கு மனசு வரல. பாதி வெட்டி எந்திரிச்சுப் போன தலை மாதிரி இருந்தது. இந்தக் கடை நம்பரப் போட்டேன். சொந்த நம்பர் போட்டாத்தானே ஆபத்து?

இந்தத் தொழில்ல ரெண்டு கையும் எப்பவும் வேலையில இருக்கும். நுரைக் கையோட போன எடுக்க முடியுமா? அதனால வர்ற செய்திய எல்லாம் அதுவே வாய்விட்டுப் படிக்கற மாதிரி வச்சிருக்கேன். பதினோரு மணிக்கு வரலாமான்னு யாராவது கேட்டா அது படிக்கும், நான் இங்க இருந்தே பதில் சொல்லிடுவேன். முடி காய வைக்கற மிஷின் சத்தத்துலயும் கேக்கணும்னு முழுசா ஏத்தி வச்சிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை. பெஞ்சு நிறைய ஆளு. நாற்காலியில ஸ்கூல் வாத்தியாரு, என் எண்ணெய்க்கு மூணு வருஷ வாடிக்கை. அன்னிக்குன்னு பாத்து மச்சினன் சில்லறை மாத்த வந்து நிக்கறான். பேச்சு கிடையாது. அவன் நோட்ட நீட்டுவான், நான் மாத்திக் குடுப்பேன். அப்ப போன் பேசுது. "அன்பு வாடிக்கையாளரே, உங்கள் ஆண்கள் செயற்கை முடி, இயற்கைக் கருப்பு, முழு வழுக்கைக்கான பெரிய அளவு, அனுப்பப்பட்டுவிட்டது."

பெரிய அளவுங்கறதச் சொல்லணுமா சார் அது?

ஆனா பேரு சொல்லல பாருங்க. அந்த அளவுக்குப் பொண்ணு சொன்ன வழி வேலை செஞ்சுது. பெஞ்சுல இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நான் கம்முனு இருந்திருந்தா, யாருக்கோ வந்தது தப்பா வந்துடுச்சுன்னு விட்டிருப்பாங்க. "அது எனக்கில்ல"ன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு தடவ. சொல்லும்போது கை தானா தலைக்குப் போயிடுச்சு.

மறுநாள் வாத்தியாரு வந்து பாதி பாட்டில அந்த பெஞ்சு மேல வச்சுட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தாக் கூடத் தேவல. இன்னிக்கு வரைக்கும் பதினோரு பாட்டிலு வந்துடுச்சு. மச்சினன் இடம் பத்தாம ரெண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கான். வீட்டுக்காரி என்னடான்னா, ஊருக்கே தெரிஞ்ச சேதி இப்பத்தான் உங்களுக்குத் தெரியுமாங்கறா. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா இந்த நாற்காலிய வித்துட்டு, எதுத்த கடையில போய் மச்சினன்கிட்ட கூலிக்குக் கத்தரி பிடிக்கணும் சார். அதான் என் கதி.

நீங்களும் அதக் கேள்விப்பட்டு வேடிக்கை பாக்கத்தானே வந்தீங்க. சொல்லுங்க, நான் கோவப்பட மாட்டேன்.

என்னது?

நேத்துதான் குடி வந்தீங்களா... அப்ப கண்ணாடியில என் தலைய... ஓ. கடிகாரமா. எனக்குப் பின்னாடி இருக்கற கடிகாரம். கண்ணாடியில மணி திருப்பித் தெரியுதேன்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க.

இருங்க, எந்திரிக்காதீங்க. அப்ப நான் சொல்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியவே இல்லையா? நெசமாவா? இங்க, வகிடுகிட்ட? சரி, வெளிச்சத்துக்கு வரேன். இப்ப? இப்பவும் தெரியலையா...

பஸ் நிலையப் பெட்டியில இருந்து எடுத்து மாட்டி மூணு நாள்தான் ஆச்சு. நல்ல சரக்குதான் சார்.

முடிஞ்சுது, துணிய எடுத்துடறேன். போன்ல அனுப்பறீங்களா? வேணாம், காசாவே குடுங்க. அனுப்பினா உங்க பேரு எனக்கு வந்துடும். என் விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, உங்க பேரும் எனக்குத் தெரிஞ்சா, நாளைக்கு யாராவது சிரிச்சா உங்களத்தான் சந்தேகப்படுவேன்.

கேட்டீங்களா, மறுபடி படிக்குது. பொருள் பிடித்திருந்ததா, எத்தனை நட்சத்திரம்னு. இதோட நாலாவது தடவ. சத்தத்த நிறுத்தச் சொல்லிப் பொண்ணுகிட்டக் கேக்கணும், கை ஒழிஞ்சாத்தானே. இத்தன நாள் எரிச்சல்ல பதிலே போடல. ஆனா நல்ல பொருள நல்லதுன்னு சொல்லணும் சார், நானும் நாலு பேருக்குப் பொருள் விக்கறவன். அஞ்சு போட்டுடறேன்... படமும் போடலாங்குது. கட்டாயமில்லையாம்.

கொஞ்சம் இந்தப் போனப் பிடிங்க சார். ஒரே ஒரு படம். மூஞ்சி விழ வேணாம், பட்டுத் தெரிஞ்சவன் நான். பின்மண்டை மட்டும் போதும். வாசல் பலகையும் விழ வேணாம், பேரு தெரிஞ்சிடும். வெறும் சுவரு நல்லாருக்காது, இப்படி அலமாரி ஓரமா நிக்கறேன். எண்ணெய் பாட்டிலு விழுதா? அந்த முன்வரிசைய மட்டும் லேசாத் திருப்பி வைங்க, லேபிள் தெரியட்டும்.