எறும்புத்தின்னியின் ஆறு கேசட்டுகள்

—நான் ஸ்க்ரூடிரைவர்தான் தேடினேன் மச்சான். மைக் ஸ்டாண்டு ஆடுது, இறுக்கலாம்னு. உன் டிராயரத் தொறந்தா இது கெடக்கு.

—எது? இரு, கண்ணாடி போட்டுக்கறேன்.

—கண்ணாடியெல்லாம் வேணாம். அது இல்லாமலே உனக்குத் தெரியும். ரப்பர் ஸ்டாம்ப். நீள மூக்கு, துடைப்பம் மாதிரி வாலு. எறும்புத்தின்னி.

—ஓ.

—என்ன ஓ? இந்தப் படம் உலகத்துல ஆறே ஆறு கேசட் அட்டைலதான் இருக்கு. ஆறும் என் அலமாரில இருக்கு. வடக்குக் கடல்ல ஒரு தீவு, அங்க அஞ்சு பேர் சேர்ந்து நடத்துற ராக் குழு, கப்பல்காரன் ஒருத்தன் ரேடியோ ரிப்பேருக்கு வரும்போது கொண்டு வந்து குடுக்கறான்னு நீதான் சொன்ன. அவங்க ஸ்டாம்ப்புக்கு உன் கடையில, சால்டரிங் கம்பிக்குப் பக்கத்துல என்ன வேலை?

—மாப்ள, முதல்ல உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். இதுல உக்காரு.

—நான் உக்கார வரல. சாயங்காலம் ஆறு மணிக்குப் புத்தக வெளியீடு. முந்நூறு பிரதி வாசல்ல ஆட்டோல இருக்கு. எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லு. கப்பல்காரன்னு ஒருத்தன் உண்டா, இல்லையா?

—உண்டு. நல்ல மனுஷன். ஆனா அவன் ரேடியோ மட்டும்தான் கொண்டு வந்தான்.

—அப்போ கேசட்டு?

—நான் போட்டது.

—போட்டதுன்னா, காப்பி எடுத்துக் குடுத்ததா?

—இல்ல மாப்ள. வாசிச்சது. இந்தக் கடைக்குப் பின்னாடி ரூம்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல. ஷட்டர இறக்கிட்டு.

—விளையாடாத.

—விளையாடல.

—எனக்கு வேர்க்குது. அந்த ஃபேனப் போடு.

—போட்டுட்டேன். காத்து வருதா?

—வருது. என்ன இப்படி ஊளையிடுது இது?

—றெக்கை கோணல். ரொம்ப வருஷமா அப்படித்தான். உனக்கு அந்தச் சத்தம் பழக்கமாச்சே.

—எனக்கு எப்படிப் பழக்கம்?

—மூணாவது கேசட்டு, பதினோராவது நிமிஷம். கண்ண மூடிக்கிட்டுக் கேளு.

—ஐயோ. நான் அத துருவக் காத்துன்னு எழுதியிருக்கேன் மச்சான். ‘மனிதனே இல்லாத ஒரு வெளியிலிருந்து வரும் காற்று’ன்னு.

—படிச்சேன். நல்லா எழுதியிருந்த.

—பனியில நடக்குற சத்தம்?

—சலவைப் பொடி. ரெண்டு பாக்கெட்ட ஒரு பைல கொட்டி மிதிச்சேன்.

—ரெண்டாவது கேசட்டுல ஒரு இடத்துல பாட்டு அப்படியே குழைஞ்சு, நின்னு, மறுபடி நிமிரும். அதுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கேன். காலத்தையே வளைக்கிறாங்கன்னு.

—பெல்ட் லூசு. ரெக்கார்டர் பெல்ட். மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன், அதுக்குள்ள ரெக்கார்டிங் முடிஞ்சிடுச்சு.

—டிரம்ஸ் அடிக்கிறவன் இடதுகைக்காரன்னு நான் காதாலயே கண்டுபிடிச்சேனே.

—அது சரிதான். எனக்கு வலது தோள்ல சுளுக்கு அப்போ.

—சிரிக்காத மச்சான். கேவலமா இருக்கு எனக்கு. உனக்குத் தெரியும்ல இந்தப் புத்தகம் என்னன்னு? பன்னெண்டு வருஷம். என் கண்ணாடிக் கடையில கூட்டமில்லாத நேரமெல்லாம், லென்ஸ் தொடைக்கிற துணிய ஓரமா வெச்சிட்டு எழுதினது. மிருகத்தோட பேர் வெச்சிக்கிட்ட ராக் குழுக்கள் மட்டும். ப்ராக்ரசிவ் ராக்னா என்னன்னு இந்த ஊர்ல எவனுக்குமே தெரியாதப்போ, ஒரு பாட்டு ஏன் அரை மணி நேரம் ஓடுது, தாளம் ஏன் ஏழுக்கும் பதினொண்ணுக்கும் தாவுதுன்னு நான் ஒருத்தன் உக்காந்து எழுதினேன். எந்த மிருகத்தோட பேர வெச்சிக்கிறானோ அந்த மிருகம் நடக்குற மாதிரிதான் வாசிப்பான்னு சொன்னது நான்.

—அந்த நீர்யானை அத்தியாயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இருபது நிமிஷம் தண்ணிக்குள்ளயே கெடந்து, கடைசில வாயத் தொறக்கும்னு எழுதியிருந்தியே. அதேதான்.

—அத விடு. கடைசி அத்தியாயம் அறுபது பக்கம். எறும்புத்தின்னி. மத்த குழுவப் பத்தியெல்லாம் வெளியூர்க்காரன் எவனாவது எழுதியிருக்கான். இதப் பத்தி எவனும் எழுதல. நான் கண்டுபிடிச்சது, எனக்கு மட்டும் கெடச்சதுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். பல் இல்லாத மிருகம், அதனால கோபமில்லாத இசை. நீள நாக்கு, நீளப் பாட்டு. உண்மையச் சொல்லு. ஏன் எறும்புத்தின்னின்னு வெச்ச?

—ஆம்ப்ளிஃபையருக்குள்ள எறும்பு பூந்துடுச்சு மாப்ள. தட்டித் தட்டிப் பாத்தேன், போகல. இதுக்கு ஒரு எறும்புத்தின்னிதான் வரணும்னு நெனச்சேன். அவ்வளவு சிம்பிள்.

—சிம்பிளா? என் மானத்த வாங்கிட்டுச் சிம்பிள்ங்கற. வேற எவனாவது பண்ணியிருந்தா சட்டையப் பிடிச்சிருப்பேன். நீ என் கூடப் படிச்சவன். உன் தங்கச்சியக் கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கே சொந்தமானவன் நான். பத்தொம்பது வருஷம், ஒவ்வொரு கேசட்டுக்கும் ‘கப்பல் வந்திடுச்சு மாப்ள’ன்னு முகத்தக் கூட மாத்தாம சொன்னியே. எப்படி மனசு வந்துச்சு?

—சொல்லட்டுமா? கோவிச்சுக்க மாட்டியே?

—இதுக்கு மேல என்ன கோபம் பாக்கி இருக்கு?

—முதல் கேசட்ட உனக்கு ரெண்டு தடவ குடுத்தேன். ஞாபகம் இருக்கா?

—இல்லையே. ஒரு தடவதான். பச்ச அட்டை.

—அதுக்கு ஒரு மாசம் முன்னாடி வெள்ள அட்டையில குடுத்தேன். என் பேர எழுதி. நாங்க எட்டு மாசம் உசுரக் குடுத்துப் பண்ணது மாப்ள, கேட்டுட்டு மனசுல பட்டதச் சொல்லுன்னேன். ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்த. கேட்டேன் மச்சான், முயற்சி நல்லாருக்கு, ஆனா இதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு வராது, ரத்தத்துலயே இருக்கணும்ன.

—சொல்லியிருப்பேன். அப்போ அது அவ்வளவு நல்லா இல்லாம இருந்திருக்கும்.

—நான் கேசட்ட ரெண்டாம் பக்கம் பாதியில நிறுத்திக் குடுத்திருந்தேன். திரும்பி வந்தப்போ நூல் பிசகாம அதே பாதியில நின்னுச்சு. நீ அத மெஷின்லயே போடல.

—கடைசில திரும்பச் சுத்தி வெச்சிருப்பேன்.

—பாதிக்கா சுத்தி வெப்ப?

—சரி, கேக்கல. அன்னைக்கு என்னவோ வேலை. அதுக்காக?

—அதுக்காகத்தான். கேசட் ரிப்பேர் பண்றவன்கிட்டயே ‘கேட்டேன்’னு பொய் சொல்லிட்டியேன்னு வயிறு எரிஞ்சுது. அதே கேசட்ட எடுத்தேன். என் பேரச் சுரண்டினேன். அழிரப்பர்ல எறும்புத்தின்னிய வெட்டினேன். பச்ச அட்டையில குத்தி, கப்பல்ல வந்துச்சுன்னு குடுத்தேன். மறுநாள் கடையக் கூடத் தொறக்காம இங்க ஓடி வந்த. கண்ணெல்லாம் கலங்கி, என் கையப் பிடிச்சிக்கிட்டு, ‘மச்சான், இத எங்க பிடிச்ச?’ன்ன. அதே கேசட்டு மாப்ள. ஒரு சத்தம் மாத்தல.

—அப்பவே சொல்லியிருக்கலாமே. ‘அட முட்டாளே, இது நான்தான்’னு ஒரு வார்த்தை.

—அன்னைக்குச் சாயங்காலம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ பேசிக்கிட்டே இருந்த. ஒவ்வொரு நிமிஷத்தையும் எடுத்து எடுத்துச் சொன்ன. என் வாசிப்ப அப்படி ஒருத்தன் பேசி நான் கேட்டதே இல்ல. வெக்கத்த விட்டுச் சொல்றேன், எனக்கு அது வேண்டியிருந்துச்சு. சொன்னா நின்னுடுமேன்னு பயந்தேன். அதான் ரெண்டாவது போட்டேன், மூணாவது போட்டேன். என் மேலயும் தப்புதான். இல்லைன்னு சொல்லல.

—இரு. முன்ன என்னமோ சொன்ன. ‘நாங்க எட்டு மாசம்’னு. நாங்கன்னா?

—வாய் தவறி வந்திருக்கும்.

—மச்சான். கிட்டார் நீ, டிரம்ஸ் நீ, காத்து இந்த ஓட்ட ஃபேன். எல்லாம் சரி, அவமானத்த முழுங்கிக்கறேன். அந்தக் குரல் நீ இல்ல. பொம்பளக் குரல் அது.

—அத விட்டுடு.

—அத மட்டும் விட முடியாது. அது என்ன பாஷைன்னு தேடித் தேடி நாப்பது வார்த்தைக்கு அர்த்தம் எழுதி, புத்தகத்துப் பின்னாடி சேத்திருக்கேன்.

—பாஷையெல்லாம் இல்ல. அந்தந்த நேரத்துல வாய்க்கு வந்தது. நீ எழுதின அர்த்தத்தப் படிச்சு ரொம்ப நேரம் சிரிச்சா.

—சிரிச்சாளா? அப்போ இங்கதான் இருக்கா. இந்த ஊர்லயா?

—மாப்ள, நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். என் வாயக் கெளறாத.

—நான் சொல்றதக் கேளு. தினம் கடைய மூடிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பக் கழட்டினதும் ஹெட்ஃபோனத்தான் எடுப்பேன். கடன்காரன் மாதிரி அந்தக் குரல் முன்னாடி போய் உக்காந்திருக்கேன். அப்பா போனப்போ எனக்கு அழுகையே வரல. நாலாவது கேசட்டுல அவ ஒரு இடத்துல மூச்ச இழுத்துப் பிடிச்சு நிப்பா, அங்கதான் அழுதேன். புத்தகத்த யாருக்குச் சமர்ப்பணம் பண்ணியிருக்கேன்னு முதல் பக்கத்தப் பாத்தியா? ‘முகம் தெரியாத அந்தக் குரலுக்கு’.

—பாத்தேன். அதப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

—அப்போ அவளுக்கு நான் எழுதின மூணு லெட்டர்? கப்பல்காரன்கிட்ட சேத்துட்டேன்னு சொன்னியே. அதையும் நீயே படிச்சிட்டு, உக்காந்து சிரிச்சியா? அது மட்டும் நடந்திருந்தா சொல்லிடு. இப்பவே எழுந்து போயிடறேன், உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்.

—நான் ஒட்டினதக் கூடப் பிரிக்கல. யாருக்கு எழுதினியோ அவ கையில குடுத்தேன். மூணையும்.

—சத்தியமா?

—சத்தியமா. பத்திரமா வெச்சிருக்கா.

—ஆனா ஒரு வரி பதில் வரல.

—என்னன்னு எழுதுவா? ஒவ்வொரு கேசட்டு குடுக்கும்போதும், இந்தத் தடவ கண்டுபிடிச்சிடுவாரு அண்ணேம்பா. எக்கோ கூடப் போடாதேன்னு அஞ்சாவதுல என்கிட்ட சண்ட பிடிச்சா. போடாமத்தான் குடுத்தேன். நீ வந்து, குரல் இப்போ இன்னும் தூரத்துலேருந்து வருதுன்ன.

—நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பாக்காத ஆள, பேசாத ஆள எப்படி?

—அதத்தான் நானும் அவகிட்ட சொல்லிப் பாத்தேன்.

—சரி, முடிவாச் சொல்றேன். சாயங்காலம் மேடையேறி நடந்ததச் சொல்லிடறேன். நான் ஏமாந்தவன், என் மச்சான் என்னை ஏமாத்தினான், கடைசி அத்தியாயம் அவ்வளவும் பொய்னு என் வாயாலயே சொல்றேன். ஊரு சிரிக்கட்டும். ஆனா அவ வரணும். முன் வரிசைல ஒரு நாற்காலி போட்டு வெக்கறேன். நீ கூட்டிட்டு வா.

—முன் வரிசைல அவளுக்கு நாற்காலி இருக்கு மாப்ள. நீயே போட்டதுதான்.

—நானா? அங்க என் வீட்டு மனுஷங்களத் தவிர யாருக்கும் போடலையே. பூசி மெழுகாத மச்சான். ஆறாவது கேசட்டோட ஏன் நின்னுச்சு, அதையாவது சொல்லு. நாலு வருஷமா நான் அடுத்த கப்பலுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். குழு பிரிஞ்சிடுச்சான்னு கேட்டா, தெரியலன்ன. அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சா? யார் நிறுத்தினது?

—உன் மூணாவது லெட்டர்தான் நிறுத்துச்சு. ‘எனக்கு வாச்சவளுக்கு இசைன்னாலே இரைச்சல், உன்னோட ஒரு மூச்சுக்கு அவ ஆயுசு முழுக்கப் பேசினது ஈடாகாது’ன்னு எழுதியிருந்தியே, அத இந்த மேஜை முன்னாடி நின்னுதான் எனக்குப் படிச்சுக் காட்டினா, மடிச்சுப் பைக்குள்ள வெச்சிக்கிட்டு, ‘போதும்ணே, இனிமே பாடல’ன்னு சொல்லிட்டு, உனக்குச் சாப்பாடு போட நேரமாச்சுன்னு கெளம்பிப் போனா என் தங்கச்சி.