உடலைக் கேட்டு வந்தவர்

என்னைத் தையலம்மா என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். வயது அறுபத்திரண்டு. கணவர் இல்லை. ஆலயத்தின் பின்தெருவில், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் தனியாகக் குடியிருந்து, துணி தைத்துப் பிழைக்கிறேன். காவல் ஆய்வாளர் விசாரிக்க, நான் சொல்வதாவது:

இறந்துபோன லாரி டிரைவரை எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் அவர் குடித்துவிட்டு ஓட்டிய லாரி மோதித்தான் என் மகன் இறந்தான். தண்டனை முடிந்து வந்த பிறகு அவர் சைக்கிள் கடை மாடியில் தங்கி, மாவு மில்லில் மூட்டை தூக்கினார். ஞாயிறுதோறும் எங்கள் ஆலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். நானும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

ஒரு ஞாயிறு மழையால் தாமதமாகப் போனேன். அந்தக் கடைசி பெஞ்சில் மட்டுமே இடம் இருந்ததால் அதன் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். அதன் பிறகு எல்லோரும் ஜெபம் சொன்னார்கள். நாங்கள் மன்னிக்கிறோம், எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி வந்ததும், மகன் போனதிலிருந்து வழக்கமாகச் செய்வதுபோல வாயை மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்தும் சத்தம் வரவில்லை. பார்த்தேன், அவரும் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு, "நீ ஏன் அதைச் சொல்லல?" என்று கேட்டேன். "கேக்க வாய் வரலம்மா" என்றார். "எனக்கும் வரல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு வாராவாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏன் என்று ஆய்வாளர் கேட்டார். நான் வருத்தப்படுவேன் என்று தெருவில் எல்லோரும் என் மகன் பேச்சையே விட்டுவிட்டார்கள். இந்த டிரைவர் ஒருவர்தான், "உங்க பையன் எப்படிம்மா, நல்லாப் பேசுவானா?" என்று கேட்டார். "வாயே ஓயாது" என்றேன். இன்னொரு நாள், கோர்ட்டில் யாரும் கேட்காததை அவராகவே சொன்னார். "ரோட்டுல என் மடியிலதாம்மா கிடந்தான். அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்கன்னான்." அன்று எனக்குத் தையல் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு அந்த வரியைச் சொன்னேன்.

விஷயம் தெரிந்து என் மகள், "அண்ணனைக் கொன்னவன்தான் இப்போ உனக்குச் சொந்தமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அதன் பிறகு பேசுவதில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை. எனக்கே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நேற்று அவர் ஆலயத்துக்கு வரவில்லை. ஆராதனை முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டும் பதில் இல்லாததால் சைக்கிள் கடைக்காரர் கதவை உடைத்தார். சுவரைப் பார்த்துப் படுத்த நிலையில் அவர் இறந்து கிடந்தார். ஆலயத்துக்கு வரத் தேய்த்து வைத்த சட்டை நாற்காலியில் தொங்கியது. உடலில் காயம் எதையும் நான் பார்க்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறார். அவர் சாவில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்மேல் பகையும் இல்லை.

அவர் தம்பிக்குக் காவலர் போன் செய்தபோது, "எங்களுக்கு அப்படி யாரும் இல்ல" என்று பதில் வந்ததை என் காதால் கேட்டேன். ஆகவே அடக்கம் செய்ய உடலை என்னிடம் தரும்படி கேட்கிறேன். என்ன உறவு என்று எழுதுவது என்று காவலர் கேட்டார். பிறகு அவரே, "தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கவாம்மா?" என்றார். "போட்டுக்கோங்க சார். வேற யாருக்கும் அவரைத் தெரியாது" என்றேன்.

இவ்வளவும் நானாகச் சொன்னது, உண்மை. வாசித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)