தர்யோவின் வலது கை

இந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதில்லை. 'தானே செய்யட்டும்' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டால் அதற்குப் பெயர் பயிற்சியாம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது.

தர்யோவைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சலத்திகா ஊரில் இருக்கும் இந்த இல்லத்துக்கு அவன் வந்தபோது மீசை முளைக்கவில்லை. இப்போது காதோரம் நரைத்துவிட்டது, புத்திதான் வளரவில்லை. குளிப்பாட்டியது, ஊட்டியது, இடி இடித்தால் பக்கத்தில் படுத்தது எல்லாம் நான்.

பயிற்சி கொடுக்க ரெத்னோ என்றொரு பெண் வந்தாள். தர்யோவும் இன்னும் சிலரும் ஊருக்குள் தனி வீட்டில் இருக்கப்போகிறார்களாம். அதிகாரிகள் முன்னால் தானாகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் காப்பி போட்டுக் காட்டினால் போதுமாம். அவன் கற்றுக்கொண்டுவிட்டான். முதல் கோப்பையை என்னிடம்தான் கொண்டுவந்தான்.

"குடிங்க பெரியப்பா. நானே போட்டது."

"நீ போயிட்டா எனக்கு யாருடா போடுவா?"

"நீங்களே போட்டுக்குங்க. ரெத்னோ அக்கா சொல்லித் தருவாங்க."

சமையற்காரி சுமியெம் சிரித்தாள். "இனிமே உங்களுக்கு வேலை இல்ல பெரியப்பா. பேசாம நீங்களும் பயிற்சில சேந்துடுங்க."

நான் கோபப்படவில்லை.

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் காலை, சுமியெம் சந்தைக்குப் போயிருந்தாள். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. தர்யோவின் வலது கையை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். நெருப்பு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? என்னைவிடப் பலசாலி, உதறியிருக்கலாம். உதறவில்லை. ஏதோ நான் கவனிக்காமல் செய்கிறேன் என்று நினைத்தவன்போல என் முகத்தைப் பார்த்து, "சுடுது பெரியப்பா" என்று மெதுவாகச் சொன்னான்.

நான் உடனே விடவில்லை.

அவனாகவே தொட்டுவிட்டான் என்று அன்றைக்குச் சொன்னது பொய்.

அதற்குப் பிறகு என் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைப்பதில்லை. பாத்திரம் முனகத் தொடங்கியதும் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வருகிறது. குறை சொல்லும் குரல் இல்லை, தகவல் சொல்லும் குரல். வயதானால் காது இப்படித்தான்.

கை சுட்ட மறுநாள், அடுப்பைப் பார்த்ததும் தர்யோ அதிகாரிகள் கண்ணெதிரிலேயே பயந்து ஓடினான். யாரிடம் ஓடினான் என்று ரெத்னோவைக் கேளுங்கள். என்னிடம்தான்.

வேண்டுமென்றே செய்தேனா என்றால், ஆமாம். இனி அவனைப் பார்க்கக் கூடாது என்கிறீர்கள். சரி, கிளம்புகிறேன். மத்தியானம் யாராவது அவனுக்குச் சோறு ஊட்டிவிடுங்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவனால் சாப்பிட முடியாது. தனியாக அவனால் முடியாது என்றுதானே நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.