எல்லாச் சீட்டையும் படிக்கிறவர்

— ரெண்டு பக்கமா கோடு போட்டு அச்சடிச்சிருக்காங்கக்கா. இந்தப் பக்கம் உன் வீட்டுக்காரரு, அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரு. மேல கொட்டை எழுத்துல, ‘நகரசபைக்குத் தகுதியானவர் யார்? நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.’ வாசிக்கட்டா?

— மெதுவா வாசி, தனம். மலை சுத்த வர்றவங்க காதுல விழப்போகுது. இந்த அடி அண்ணாமலையிலயும் அவருக்கு ஆளுங்க இருக்காங்க.

— விழட்டுமே. அக்காளும் தங்கச்சியும் பேசினா போலீஸா வரும்? ஒரே ஊருல இருந்துக்கினு, செவ்வாக்கிழமை மலை சுத்துற சாக்குலதான் உன் மூஞ்சியையே பாக்க முடியுது.

— சாக்குன்னு சொல்லாதே, சாமி காதுலயும் விழும். இந்தப் புளியமரத்து நிழல்ல உட்காரு. உட்கார்ந்து வாசி.

— ‘வக்கீல் தியாகேசன், பி.ஏ., பி.எல். மதிப்புமிக்க குடும்பம். நாற்பத்திரண்டில் சிறை சென்ற தியாகி. தமிழிலும் ஆங்கிலத்திலும் புலமை. கதர் அன்றி உடுத்தாதவர்.’ மாமாவுக்குப் படம் வேற, கண்ணாடி போட்டுக்கினு. அந்தப் பக்கத்துக்குப் படம் இல்லை. அந்தப் பேரை நான் வாசிக்க மாட்டேன், நீ வாசி.

— ‘சைக்கிள் கடை சக்கரவர்த்தி. ஐந்தாம் வகுப்பு…’ வேணாம்டி தனம்.

— சும்மா வாசிக்கா. பஜார்ல ஒருத்தன் இதைச் சத்தம் போட்டுப் படிக்கிறதை நின்னு கேட்டுட்டுத்தான் வர்றேன்.

— ‘ஐந்தாம் வகுப்புத் தேறாதவர். குடும்பப் பின்னணி அறியப்படவில்லை. சிறை சென்றது உண்மை. அது சைக்கிளில் விளக்கில்லாமல் போனதற்கா என்பது ஆராய்ச்சிக்குரியது.’

— அந்த ஆராய்ச்சிதான் எனக்கு வயித்தெரிச்சல். ஸ்டேஷன் போர்டுல இந்தி எழுத்து மேல தார் பூசப் போயி, வேலூரு ஜெயில்ல களி தின்னுட்டு வந்தாரு. மாமாவும் அதே வேலூரு ஜெயிலுதானே?

— அதே ஜெயிலுதான். அவருக்கு பி கிளாஸ். கட்டில் உண்டு, புஸ்தகம் உண்டு.

— ஐயே! ஜெயிலுக்குள்ளயும் படிச்சவனுக்கு ஒரு கிளாஸு, ஃபெயிலானவனுக்கு ஒரு கிளாஸா? அதையும் நோட்டீஸ்ல போடவேண்டியதுதானே.

— இதை அவர் எழுதலை. கட்சி ஆபீஸ்ல யாரோ எழுதினது. ‘ஆராய்ச்சிக்குரியது’ன்னு எல்லாம் அவருக்கு எழுத வராது. கிண்டல் பண்ணத் தெரியாத மனுஷன்.

— எழுதலைன்னா இன்னா, வேணாம்னு தடுத்தாரா?

— தடுக்கலை.

— ஆமா பின்ன. குடும்பப் பின்னணி தெரியாதாம்! எங்க மாமனாரு இதே ஊருல ஏரு ஓட்டினவரு. அதோ அந்தக் கிணத்துக்கு அந்தாண்டதான் நிலம். மாமாவே எங்க கல்யாணத்துக்கு வந்து பந்தியில மொத ஆளா உட்கார்ந்து சாப்பிட்டாரு. அன்னைக்குத் தெரிஞ்ச குடும்பம் இன்னைக்கு எலெக்‌ஷன் வரசொல்ல தெரியாமப் போச்சா?

— கோவப்படாதே. வெள்ளரிக்காய் வாங்கினேன், இந்தா. உப்பு தடவித்தான் குடுத்தாங்க.

— நான் ஒரு நோட்டீஸ் போடட்டுமா? நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து போட்டா ஊரே நின்னு படிக்கும். மொத கேள்வி: சாப்பிட்ட தட்டை யாரு எடுத்துவெப்பாங்க?

— அவர் கண்ணாடியை நெத்தியில ஏத்திவெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவாரு. தட்டை எங்கே எடுக்கப்போறாரு.

— எங்க ஆளு கழுவியே வெச்சுடுவாரு. சமத்துவமாம். சரி, அதுல எங்களுக்கு ஒரு மார்க்கு. அடுத்தது, வீட்டுல பேச்சு எப்படி?

— அவரா? பேசவே மாட்டாரு. கேஸ் கட்டைப் பிரிச்சா உலகமே இல்லை. ஆனா குரலை உசத்தினது கிடையாது. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னது கிடையாது.

— எங்க வீட்டுல தலைகீழு. மேடையில ஏறினா கடல் மடை திறந்த மாதிரி. வீட்டுக்கு வந்தா, ‘சோறு, தண்ணி, தலகாணி’, அவ்வளவுதான் தமிழு. பொய்யா? சின்னச் சின்னதா நிறைய சொல்லுவாரு. பங்க்சர் ஒட்ட வந்தவன்கிட்ட டியூபே போச்சுன்னு சொல்ற மாதிரி.

— ஒருநாள் தேரடியில மாப்பிள்ளை பேசினதை ஜன்னல் வழியா கேட்டேன். அடுப்புல பால் பொங்கினது கூட தெரியலை. அஞ்சாவது தேறாதவர் பேச்சா அது?

— நீ சொன்னேன்னு சொல்லட்டுமா? பூரிச்சுப் போயிடுவாரு. ஆனா ஒண்ணுக்கா, ஒரு விஷயத்துல மாமாதான் ஒசத்தி. நானே ஒத்துக்கிறேன்.

— எதுல?

— துண்டுச் சீட்டுல. கூட்டத்துல இருந்து கேள்வி எழுதி மேடைக்கு அனுப்புறாங்கல்ல, எங்க ஆளு அதை எல்லாம் முன்னாடியே பாத்துடுவாரு. நல்லதா நாலு பொறுக்கிக்குவாரு, மீதி ஜேபிக்குள்ள போயிடும். மாமா அப்படி இல்லை. மடிச்ச சீட்டை மைக்குக்கு முன்னாடிதான் பிரிப்பாரு. திட்டி எழுதி இருந்தாலும் எழுத்து விடாம படிச்சுட்டு, அதுக்கும் பதில் சொல்லுவாரு. போன மாசம் எவனோ ‘கதர் போட்ட காக்கா’ன்னு எழுதினான், அதையும் படிச்சாரே!

— படிச்சுட்டு, ‘காக்காய்க்கும் ஓட்டு உண்டானால் எனக்கே போடும்’னாரு.

— கிண்டல் தெரியாத மனுஷன்னியே!

— அது கிண்டல் இல்லைடி, நிஜமாவே யோசிச்சுச் சொன்னாரு. கேள்வின்னு ஒண்ணு வந்துட்டா, பதில் சொல்லாம இறங்கினா மேடைக்குத் துரோகம்னு நினைக்கிறவர்.

— ஆமா. அதுல உங்களுக்கு ரெண்டு மார்க்கே போட்டுக்கோ. அக்கா… இன்னா யோசனை? நீ இன்னைக்கு மலை சுத்த மட்டும் வரலைன்னு எனக்குத் தெரியும். உன் பொண்ணு கலா விஷயம்தானே?

— ம்.

— ஸ்கூலு திறந்து எத்தனை நாளாச்சு. பசங்க எல்லாம் எங்க கடை வழியாத்தான் போவுதுங்க. கலா மட்டும் போகலை. எங்க ஆளு கண்ணுல அது படாம இருக்குமா? முந்தாநேத்து ராத்திரி சோறு தின்னுக்கினே சொல்றாரு, ‘உங்க மாமா என் அஞ்சாவதைப் பத்தி நோட்டீஸ் போட்டாரே, அவர் பொண்ணு எட்டாவதோட நின்னுடுச்சே, அதை நான் மேடையில கேக்கறேன்’னு.

— கேட்டுட்டாரா?

— பயப்படாதே. விடுவேனா? ‘குழந்தை பேரு மேடை ஏறினா நான் இந்த வீட்டு அடுப்பைப் பத்தவெக்க மாட்டேன்’னேன். சத்தியம் பண்ணுய்யான்னேன். கற்பூரம் அணைக்க மாட்டாராம், பகுத்தறிவாம். என் தலையில கை வெச்சுத்தான் பண்ணாரு. அது நிக்கும். நீ கவலைப்படாம போ.

— நல்ல காரியம் பண்ணினே. மாப்பிள்ளை கேட்டிருந்தா எல்லாம் கெட்டுப் போயிருக்கும்.

— மாமாவுக்கு அவமானம் ஆயிடும்ல.

— அவமானம் இல்லை, பிடிவாதம் ஆயிடும். எதிர்க்கட்சிக்காரர் கேட்டா, அவர் கோர்ட்டுல நிக்கிற மாதிரி நின்னுடுவாரு. ‘நான்தான் ஜெயிக்கணும்’னு ஆயிடும் அவருக்கு. அப்பால கலாவுக்கு ஸ்கூல் ஜென்மத்துக்கும் கிடையாது.

— அப்போ… நீ கலாவைத் திரும்ப ஸ்கூலுக்கு அனுப்பணும்னுதான் நிக்கிறியா? மாமாவும் நீயும் சேர்ந்துதான் நிறுத்தினீங்கன்னு நான் நினைச்சேன். வயசுக்கு வந்த பொண்ணு, ஒன்பதாவதுல பசங்களோட ஒண்ணா உட்காரணுமேன்னு.

— நானா? தனம், என்னை எட்டாவதுல நிறுத்தினப்போ நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஞாபகம் இருக்காது.

— நீ கணக்குல முதல்னு அம்மா சொல்லும்.

— அப்பா நிறுத்தறேன்னு சொல்லவே இல்லை. ‘அறுப்பு முடியட்டும், அனுப்புறேன்’னாரு. அறுப்பு முடிஞ்சுது. ‘கார்த்திகை தீபம் ஆகட்டும்’னாரு. தீபமும் ஆச்சு. அப்பால நானும் கேக்கறதை நிறுத்திட்டேன். யாரும் வேணாம்னு சொல்லலை, பாரு. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்குது.

— மாமா இன்னா சொல்றாரு?

— ‘எலெக்‌ஷன் முடியட்டும்’ங்கிறாரு.

— அடப் பாவமே.

— ‘இந்த நேரத்துல நம்ம ஜனங்க நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, முடிஞ்சதும் பார்க்கலாம்’ங்கிறாரு. எலெக்‌ஷன் முடியறதுக்குள்ள அட்மிஷன் மூடிடுவாங்க. இந்த வெள்ளிக்கிழமையோட சரின்னு வாத்தியார் சொல்லி அனுப்பிட்டாரு. கலா யூனிபாரம் பாவாடையைத் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கா. தினம் பிரிச்சுப் பார்த்துட்டு மறுபடியும் மடிக்கிறா. ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறா. என்னை மாதிரியே நிறுத்திக்கிட்டா.

— போன வாரம்தானே மாமா தேரடியில முழங்கினாரு? ‘என் வார்டுல படிக்காத பொண்ணு ஒருத்தி கூட இருக்கக் கூடாது’ன்னு. கைதட்டல் எங்க கடை வரைக்கும் கேட்டுதே.

— நிஜமா நினைச்சுத்தான் சொன்னாரு. அதுதான் வேடிக்கை. அவர் வீடும் அந்த வார்டுலதான் இருக்குதுன்னு அவருக்குத் தோணலை.

— நீ எடுத்துச் சொல்லேன்.

— சொன்னேன். வீட்டுல சொன்னா அது கேள்வியா அவர் காதுல ஏறாது, தனம். மோர்ல உப்பு கம்மின்னு சொல்ற மாதிரிதான். மேடையில கேட்டாத்தான் அது கேள்வி.

— மேடையில யாரு கேக்கறது? எங்க ஆளு வாயை நான் கட்டிட்டேன். வேற யாருக்குத் தெரியும்?

— இன்னைக்குச் சாயங்காலம் தேரடியில அவருக்குக் கூட்டம். நீ போவேதானே?

— எல்லார் கூட்டத்துக்கும் போவேன். வெத்தலைக் கடை ஆராயி பக்கத்துல எனக்கு எடம் போட்டுவெச்சிருக்கும். மேடைக்குக் கூப்பிடு தூரம்.

— இதை அங்கே இருந்து அனுப்பிடு. கை மாறி கை மாறிப் போகட்டும். எங்கேருந்து வந்துதுன்னு யாருக்கும் தெரிய வேணாம்.

— இன்னாது, மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சிருக்கே? அர்ச்சனைச் சாமான்னு பாத்தா, சீட்டா? பிரிக்கட்டா?

— பிரிச்சு வாசி. மெதுவா.

— ‘ஐயா, வணக்கம். தங்கள் வார்டில் படிக்காத பெண் ஒருத்தியும் இருக்கக் கூடாது என்றீர்கள். அதே வார்டில், எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய ஒரு பெண் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். அவளை என்றைக்குச் சேர்த்துவிடுவீர்கள்?’ … அக்கா, மாமா மைக்குக்கு முன்னாடி நின்னுக்கினு இதைப் படிப்பாரா?

— எழுத்து விடாம படிப்பாரு. நீதான் ரெண்டு மார்க் போட்டியே.

— படிச்சுட்டு?

— ஜனங்களுக்கு அது யாரோ ஒரு பொண்ணு. ‘எலெக்‌ஷன் முடியட்டும்’னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா? ‘நாளைக்கே’ம்பாரு. சொல்லிட்டா செஞ்சுடுவாரு. ஊர் முன்னாடி சொன்ன வார்த்தையை அவர் விட்டதே கிடையாது.

— இது மட்டும் எங்க ஆளு கையில கெடைச்சா எலெக்‌ஷன் முடிஞ்ச மாதிரிதான். நோட்டீஸுக்குப் பதில் நோட்டீஸு.

— அதனாலதான் உன் கையில குடுக்கிறேன்.

— ஐயே, அப்படிப் பாக்காதே. குடுக்க மாட்டேன். ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிறேன், போதுமா? ஆனா அக்கா, எனக்கு ஒண்ணு புரியலை. பேரு இல்லை, தெரு இல்லை. மாமாவும் யாரோ ஒரு பொண்ணுன்னே நினைச்சு, ‘நாளைக்கே’ன்னுட்டு அடுத்த சீட்டைப் பிரிச்சுட்டா? உன் எழுத்தா இருந்தாவது கண்டுபிடிப்பாரு. இது உன் எழுத்து இல்லையே. உன்னுது சாஞ்சு இருக்கும், இது முத்து முத்தா நிக்குது.

— என் எழுத்து இல்லை. ஆனா பிரிச்சதுமே தெரிஞ்சுடும் அவருக்கு. மடியில உட்காரவெச்சு, அந்த விரலைப் பிடிச்சு நெல்லுல மொத மொத ‘அ’ எழுதவெச்சது அவருதானே.