லோகேஷ் சாருக்கு எந்த யுகுலேலே

இல்ல சார், நாளைக்கு வரேன்ற பேச்சே இன்னிக்கு வேணாம். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கினு உக்காருங்க. மூணையும் வெளிய எடுத்து வச்சிட்டேன். இந்த மூணுல ஒண்ணு இன்னிக்கு உங்க கைல ஏறி அந்தப் படி இறங்கணும். தை மாசம் வந்தீங்க, இப்ப ஆடி. அதுக்குள்ள மூலைக்கடை செருப்புக்காரர் வீடு கட்டிப் பாலே காச்சிட்டாரு. நீங்க இன்னும் மகாகனியா அக்கேசியான்னு நின்னுக்கினு இருக்கீங்க.

சிரிக்காதீங்க. சத்தார் பாய் நேத்தே சொல்லிட்டாரு, ஏஞ்சல், அந்த லோகேஷ் தம்பி சமாச்சாரத்தை நாளைக்கே முடிச்சிடும்மான்னு. முதலாளி சொன்னா முடிக்கணும் இல்ல? பாவம் மனுஷன். காஞ்சிபுரத்துல டெனர் சைஸு யுகுலேலே, இந்த நாலு கம்பி குட்டி கிட்டாரை, எவன் கேக்கிறான்? சர்ச்சுக்கு கீபோர்டு, பஜனைக்கு ஆர்மோனியம், ஸ்கூல் பசங்களுக்கு பிளாஸ்டிக் புல்லாங்குழல், இதை வித்து ஓடுற கடை இது. நீங்க வந்து சாலிட் வுட் இருக்குதான்னு கேட்டீங்க. பிளைவுட் வேணாம், முழு மரமா வேணும், விலை ரொம்ப ஏறவும் கூடாது, ரொம்ப இறங்கவும் கூடாதுன்னீங்க. அவரும் உங்களை நம்பி மெட்ராஸ்லேர்ந்து மூணு வரவழைச்சாரு. மூணும் நடுத்தர விலை, மூணும் நல்ல பீஸு. அதான் தப்பாப் போச்சு.

சரி, கடைசியா ஒரு வாட்டி சொல்றேன், கேட்டுக்கோங்க. இது மகாகனி. மெத்துன்னு பேசும், பாடுறவங்க குரலை அமுக்காது. இது அக்கேசியா. வரி வரியா பளபளன்னு இருக்குதே, இதுதான். நம்ம கருவேல மரத்துக்குப் பங்காளி. இங்க அடுப்புல வைக்கிறோம், வெளிநாட்டுக்காரன் கம்பி கட்டி வாசிக்கிறான். சத்தம் கணீர்னு வரும். இது மாமரம், ரெண்டுக்கும் நடுவுல. இதைப் பாத்து மொத நாளே மூஞ்சைச் சுளிச்சீங்க, மாம்பலகையில போயி எவனாவது பாட்டு வாசிப்பானான்னு. வாசிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக்கினு முழுசாக் கேட்டீங்க. நான்கூட ஆகான்னு நெனைச்சேன். கண்ணைத் திறந்து இன்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா? கலரு கொஞ்சம் டல்லா இருக்குதுன்னீங்க!

பட்டுக்கடைக்காரர் பையன்னா அதுக்குன்னு இப்பிடியா? மூணையும் வாரிக்கினு வாசலுக்குப் போயி வெயில்ல தூக்கிப் பிடிச்சீங்களே. டியூப்லைட்ல நெஜக் கலரு தெரியாதாம். காந்தி ரோடே நின்னு வேடிக்கை பாத்துது. ஷேர் ஆட்டோவுலேர்ந்து ஒரு பெரியம்மா எட்டிப் பாத்து, இன்னாப்பா, திருஷ்டி கழிக்கிறியான்னு கேட்டுட்டுப் போனாங்க. அப்புறம் உள்ள வந்து பின்பக்கம் திருப்பிப் பாத்தீங்க. தடவிப் பாத்தீங்க. மோந்துகூடப் பாத்தீங்க. ஒரு கம்பியை மீட்டிப் பாக்கணும்னு தோணல. சார், இது முந்தானை இல்ல, இதைக் காதால பாக்கணும்னு நான்தான் சொன்னேன். நடுவுல இருக்கிற இந்த ஓட்டையோட ஓரத்தைப் பாருங்க, மேல ஓடுற வரி அப்பிடியே உள்ள இறங்கினா முழு மரம், அடுக்கடுக்கா தெரிஞ்சா பிளைவுட், கண்ணுக்கு இருக்கிற வேலை அவ்ளோதான்னு சொல்லிக் குடுத்தேன். அதைப் பாக்கறேன்னு குனிஞ்சீங்க. ரொம்ப நேரம் நிமிரவே இல்ல. யுகுலேலே என் கைல இருந்துது. நானும் நகரல.

அதுக்கப்புறம் வாராவாரம் ஒரு சாக்கு. கம்பி விரலை அறுக்குதுன்னு ஒரு வாரம். சுருதி நிக்கலன்னு ஒரு வாரம். புதுக் கம்பி சார், இழுத்து இழுத்துத்தான் நிக்கும், அவசரப்படாதீங்கன்னேன். உங்களைப் போயி அவசரப்படாதீங்கன்னு சொன்னேன் பாருங்க, என்னைத்தான் சொல்லணும். நாலாவது கம்பியை மெல்லிசாப் போடணுமா தடியாப் போடணுமான்னு ஒரு மாசம் பூரா ஓட்டினீங்க. இவ்ளோ ஆராய்ச்சிக்கு உங்களுக்கு வாசிக்க வர்றது ஒரே ஒரு பாட்டு. அதுவும் நான் சொல்லிக் குடுத்தது. அதுவும் பாதி.

வரும்போது டீ வாங்கினு வருவீங்க. எனக்குச் சக்கரை கம்மின்னு நான் சொல்லவே இல்ல, நீங்களா தெரிஞ்சுக்கினீங்க. அதுல மட்டும் ஒரு குழப்பமும் வரல உங்களுக்கு.

இன்னா, தலையைக் குனிஞ்சுக்கிறீங்க? பில்லு போடுற தேவிப்ரியா ரெண்டாவது மாசமே சொல்லிட்டா, அக்கா, அந்த சார் மரம் பாக்க வர்ற மாதிரி தெரியலக்கான்னு. எனக்கும் கண்ணு இருக்குது சார். வாயைத் திறந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நாமளும் மரத்தைப் பத்தியே பேசுவோம்னு இருந்தேன். மறைக்கிறதுக்கு இன்னா இருக்குது, நீங்க கேட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். சனிக்கிழமை ஆனா காலைலேர்ந்து வாசலைப் பாத்துக்கினு இருப்பேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கொயருக்கு வாசிக்கும்போதுகூட, இந்தப் பாட்டை அவருக்குச் சொல்லிக் குடுக்கலாமேன்னு தோணும். போதுமா? சொல்லிட்டேன். பேன் போடவா, ரொம்ப வேர்க்குது உங்களுக்கு.

மாமரத்து மேல கை போவுது போல? எடுங்க, மடியில வச்சிப் பாருங்க. அதோட சத்தம்தான் உங்களுக்குப் பிடிச்சுதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கலரு கெடக்குது.

இன்னா சொன்னீங்க? வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரீங்களா?

அய்யோ சாமி. கேட்டாச்சே! போன சனிக்கிழமைதான் கேட்டீங்களே, மறந்துட்டீங்களா? உங்க கடையில சேல்ஸ் பொண்ணுங்க பொடவையைத் தோள்ல போட்டுக்கினு நிப்பாங்க, வாங்க வந்தவங்க போட்டோ புடிச்சி ஊருல இருக்கிற அத்தைக்கும் சித்திக்கும் அனுப்பி, எது எடுக்கட்டும்னு கேப்பாங்க இல்ல. அதே பழக்கம். என்னை நிக்க வச்சி, ஏஞ்சல், இதைக் கொஞ்சம் தோள்கிட்ட பிடிங்க, அதைக் கொஞ்சம் சாய்ங்க, இப்பிடித் திரும்புங்கன்னு, மூணுத்துக்கும் மாத்தி மாத்திப் புடிச்சீங்க. எனக்கு ஒரே சிரிப்பு. பொடவைன்னா சரி, யுகுலேலேவை எதுக்கு சார் ஒருத்தி தோள்ல சாத்திப் பாக்கணும்? அத்தனையும் வாட்ஸாப்புல உங்க அம்மாவுக்கு அனுப்பினீங்க. எதும்மா நல்லா இருக்குதுன்னு கேட்டு.

உங்க அம்மா எத்தினி வருஷமா அந்தக் கல்லாவுல உக்காந்துக்கினு இருக்காங்க? வந்தவன் பொடவையைப் பாக்கிறானா, அதைப் போத்திக்கினு நிக்கிறவளைப் பாக்கிறானான்னு அவங்களுக்குத் தெரியாதா? அனுப்புறதுக்கு முன்னாடி அந்தப் போட்டோவை நீங்க ஒரு வாட்டியாவது பாத்தீங்களா? நான் பாத்தேன். எல்லாத்துலயும் என் மூஞ்சி நட்டநடுவுல. யுகுலேலே ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு நிக்குது.

எங்க பாத்தேனா? உங்க அம்மா போன்லதான்.

ஆமா, வந்தாங்க. நேத்து மத்தியானம். உங்ககிட்ட சொல்லல இல்ல, சொல்ல மாட்டாங்க. போனை இந்தக் கண்ணாடி மேல வச்சி, இதுல விக்கிறதுக்கு இருக்கிறது எதும்மான்னு கேட்டாங்க. மூணையும் எடுத்து வச்சேன். மகாகனியைக் கைல எடுத்துக்கினே என் பேரைக் கேட்டாங்க. ஏஞ்சல்னேன். எந்தப் பக்கம்னாங்க. செவிலிமேடுன்னேன். செவிலிமேட்டுல எங்கன்னாங்க. சர்ச்சுக்குப் பின்னாடி தெருன்னேன். அதுக்கு மேல கேக்கல. தொங்கிக்கினு இருந்த முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்கினாங்க, என் மேல பட்டுடாம. நான் தள்ளித்தான் நின்னேன் சார். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னுக்கினேன். ஏன் நின்னேன்னு வீட்டுக்குப் போயி என் மேலயே கோவம் வந்துது.

அப்புறம் உங்களை மாதிரியே வாசலுக்குப் போயி வெயில்ல பிடிச்சி ஒரு பார்வை பாத்தாங்க. அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சுன்னா பாத்துக்கோங்க. திரும்பி வந்து, இதையே கட்டிடுன்னாங்க. கார்டைத் தேச்சாங்க. அவன் வந்தா கைல குடுத்து அனுப்பிடும்மா, இனிமே அவனுக்கு இங்க வேலை இல்ல, ஆவணியில அவனுக்கு நிச்சயம் வச்சிருக்கோம்னாங்க. சத்தமே போடல. என்னைத் திட்டவும் இல்ல. நீங்க ஆறு மாசமா முழிச்சுக்கினு இருக்கிற வேலையை, ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டுப் போயிட்டாங்க. அந்தத் தெளிவுக்காகவாவது அவங்களை மெச்சணும்.

காசு கட்டியாச்சுன்னா மூணையும் ஏன் எடுத்து வச்சேன்னு பாக்கிறீங்களா? பாய்கிட்ட நான்தான் கேட்டேன். வேற பீஸு மாத்திக்கினா ஒத்துக்குவீங்களா பாய்னு. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதானே, எதை வேணா எடுக்கட்டும்மான்னாரு. அதான். அவங்க எடுத்ததை விட்டுட்டு, உங்களுக்குப் பிடிச்சதை நீங்களா ஒண்ணு எடுப்பீங்களான்னு பாக்கலாம்னு இருந்தேன். மாமரத்தை மட்டும் நீங்க எடுத்திருந்தீங்கன்னா, உங்க அம்மா வந்துட்டுப் போன கதையையே சொல்லியிருக்க மாட்டேன். மீதியை நீங்களே பேசுவீங்கன்னு விட்டிருப்பேன்.

கையை எடுத்துட்டீங்க.

பரவால்ல. பரவால்ல சார், மன்னிப்பெல்லாம் எதுக்கு, நீங்கதான் ஒண்ணுமே சொல்லலியே. மகாகனியையே கட்டிடறேன். நல்ல பீஸுதான், பழகப் பழகக் குரல் திறக்கும். மூடின கார்ல வெயில்ல போட்டு வைக்காதீங்க, ஒட்டு விட்டுடும். அந்த மீதிப் பாட்டு யூட்யூப்ல இருக்குது, பாத்துக் கத்துக்கோங்க.

ஆங், கவரு எடுக்கலியே. உங்க அம்மா அவசரத்துல கவரு கலரைச் சொல்லாம போயிட்டாங்க. கறுப்பு இருக்குது, நீலம் இருக்குது. எதுல போடட்டும்? இதையாவது நீங்க சொல்லுங்க.