ஒரு படமும் தவறவில்லை

எந்திரம் மக்கர் பண்ணாமல் ஓட வேண்டும் என்று அதன் தலையில் வைத்திருந்த பச்சைப் பொரிப் பொட்டலம் காலாவதியாகிப் போனதை நான் கவனிக்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், ஐயா. உங்கள் விசாரணை அலுவலகக் கணினிகள் மீதும் பார்த்தேன், பச்சைதான் வைத்திருக்கிறீர்கள். சிவப்புப் பொட்டலம் வைத்தால் எந்திரம் அடம்பிடிக்கும் என்று நம் தைவானில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதில் நான் அசட்டையாக இருந்திருக்கக் கூடாது. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

பிங்டுங்கில் எங்கள் ஆலை இறாலையும் மீனையும் உறைய வைத்து விற்கிறது. உறைய வைக்கும் அறைக்குள் நைட்ரஜன் பாய்ச்சுவோம். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. கசிந்து நிறைந்துவிட்டால் உள்ளே போகிறவர் இருமக்கூட மாட்டார், அப்படியே சாய்ந்துவிடுவார். அதனால் அறையில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்காணிப்புப் பலகை ஒன்று கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் போதுமானால் அதில் கட்டம் பச்சை, குறைந்தால் சிவப்பு. ஆனால் அதைத் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை? மேலாளர் காவோவுக்கு எல்லாம் கைபேசிக் குழுவில் படமாக வந்து விழ வேண்டும். வாசலில் இருந்த அபாயச் சங்கு ஈரத்தில் காரணமில்லாமல் ஊளையிடுகிறது என்று அதன் கம்பியைப் பிடுங்கச் சொன்னவரும் அவர்தான். அதன்பிறகு, குழுவில் வரும் படத்தில் கட்டம் பச்சையாக இருந்தால் உள்ளே போகலாம் என்பதே ஆலையின் சட்டமானது.

பலகையைப் படமாக வரைவது லேசான வேலை இல்லை. பலகை ஓடும் கணினியே படத்தையும் வரைந்தால் திணறிப் படுத்துவிடும். அதனால் வரைவதற்கென்றே வேறொரு கணினியைத் தொலைவில் அமைத்தேன். பலகைக் கணினி படம் கேட்கும். தொலைவில் இருப்பது யார் கண்ணிலும் படாமல் பலகையைத் திறந்து, வரைந்து, திருப்பி அனுப்பும். அழகான ஏற்பாடு. கொஞ்ச நாளில் அந்தக் கணினிக்கு நினைவகம் போதாமல், சில நேரம் வெறும் சாம்பல் நிறப் படம் வந்தது. பெரிய கணினி கேட்டேன், காவோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினார்.

"செங்-யான், உன் மூஞ்சியவே படம் புடிச்சு அனுப்பிட்டியா? ஒண்ணுமே இல்லாம வெளிறிக் கெடக்கு."

ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மாலையில் நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்தேன். புதுப் படம் வராவிட்டால், கடைசியாக வந்த நல்ல படத்தை எடுத்து, மேலே நேரத்தை மட்டும் மாற்றி அனுப்பும்படி. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் அறையின் உண்மையான படம்தான், கொஞ்சம் முந்தையது. பிறகு ஒரு படமும் தவறவில்லை. காவோ கட்டைவிரல் காட்டினார்.

ஆண்டிறுதி விருந்தில் எனக்குப் பரிசு உண்டு என்று முன்பே சொல்லிவிட்டார்கள். விருந்து நாளிலும் ஆலையில் ஒருவர் இருந்தாக வேண்டும். உறைய வைக்கும் பிரிவில் வேலை செய்யும் யுவே-குவே அக்கா ஒத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். எனக்குப் பெண் பார்ப்பதாகச் சொல்லிச் சொல்லியே தன் பங்குப் பலகாரத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு அவரை உண்மையிலேயே பிடிக்கும்.

விருந்தில் மீன் வந்தபோது, பழக்கத்தில் கைபேசியில் பலகையைத் திறந்தேன். படத்தை அல்ல, பலகையையே. கட்டம் சிவப்பாக இருந்தது. வரைகிற கணினி மதியமே நின்றுபோயிருந்தது. குழுவில் மதியத்துப் படம் புது நேரத்தோடு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அக்காவின் குரல் செய்தி வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"தம்பி, உள்ள ஏதோ தட்டு சிக்கிக்கிச்சு, போய் எடுத்து விட்டுட்டு வரேன். உன் படத்துல பச்சையாத்தான் இருக்கு. எனக்கு இறால் மட்டும் கட்டி எடுத்துட்டு வா. அந்தக் கஞ்சன் காவோ ஒரு நாள் செலவு பண்றான், சும்மா விடலாமா?"

'போகாதீங்க அக்கா' என்று எழுதினேன். அதற்குள் மேடையில் என் பெயரைச் சொன்னார்கள். அனுப்பியிருந்தால், படம் பச்சையாக இருக்கிறதே, ஏன் போகக்கூடாது என்று கேட்டிருப்பார். அவர் வாயில் எதுவும் தங்காது. பழைய படம் போகிற விஷயம் விடிவதற்குள் ஆலை முழுக்கத் தெரிந்திருக்கும். எழுதியதை அழித்துவிட்டு மேடை ஏறினேன். காவோ என் தோளில் கை போட்டார்.

"இவன் படம் ஒரு நாளும் நம்மளக் கைவிட்டதில்ல," என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

உள்ளே போய்த் திரும்பியதும் 'முடிஞ்சுது' என்று அனுப்புவது அக்காவின் வழக்கம். அது வரவில்லை. இனி யார் ஓடிப் போனாலும் பயனில்லை என்று எனக்குத் தெரியும், அறையின் அளவுகளை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. சாப்பிடுகிறவர்களை எழுப்ப மனம் வரவில்லை. எல்லாரும் பழம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் காவோவிடம் போய்ச் சொன்னேன்.

அதற்குமுன் பையை எடுத்து, இறாலை மட்டும் பொறுக்கிக் கட்டினேன். மருத்துவமனையில் அவர் மகள் கையில் நானே கொடுத்தேன். அக்கா கேட்டதை நான் செய்யாமல் விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா.