அழிச்சும் அழியாத நாத்தனார்

…அதெல்லாம் கிடையாது தம்பி, உங்க கடைல போட்டுக் குடுத்த சாஃப்ட்வேர் சுத்த மோசம்! ஃபைலை அழிக்கும்னு குடுத்தீங்க, அது என் குடும்பத்தைத்தான் அழிச்சிருக்கு. இந்தா, லேப்டாப்பைக் கையோட தூக்கிட்டு வந்திருக்கேன், நீங்களே பாருங்க.

என்ன அழிச்சேனா? ஒரு வீடியோ. யாரோடதா? என்னோடதுதான். எங்க நாத்தனார் எப்படிப் பேசுவாங்க, எப்படி நம்ம ஃப்ரிட்ஜைத் திறந்து ஒவ்வொண்ணா மோந்து பாப்பாங்கன்னு… சும்மா நடிச்சுப் பாத்தேன். நல்லா வந்துச்சு, அதை ஏன் மறைக்கணும்! இடுப்புல கைய வெச்சு ஒரு நிப்பு நின்னேன் பாருங்க, எங்க வீட்டுக்காரரே பதறி எந்திரிச்சுட்டாரு.

அந்த மனுசன், பழைய லேப்டாப்பை அக்காவுக்கே குடுக்கறேன்னுட்டாரு! அந்த வீடியோ அதுலதானே கெடக்கு! வீடியோவைக் குப்பைத்தொட்டில போட்டு, தொட்டியையும் காலி பண்ணேன். நீங்கதானே சொன்னீங்க, "அக்கா, அழிச்சா பேரு மட்டும்தான் போகும், வீடியோ உள்ளயேதான் கெடக்கும், அது மேல வேற எதையாவது எழுதணும்"னு? வாடகைக்காரன் வாசல் போர்டை மட்டும் கழட்டிட்டு உள்ளயே உக்காந்திருக்கற மாதிரி!

சரின்னு உங்க சாஃப்ட்வேரை ஓட விட்டேன். மத்தியானம் பூரா ஓடுச்சு. 'நிச்சயமா அழிக்கலாமா? நிச்சயமா?'ன்னு கேட்டுக் கேட்டு… கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் இத்தனை தடவை கேக்கல.

அவ்வளவு பண்ணிக் குடுத்தும், நேத்து நாத்தனார் வீட்டுல, பெரிய டிவில, அவங்க சம்பந்தி வரைக்கும் உக்காந்திருக்காங்க… நான் ஃப்ரிட்ஜை மோந்துக்கிட்டு நிக்கறேன்!

என்ன, தேடிப் பாத்துட்டீங்களா? லேப்டாப்புல ஒண்ணுமே இல்லையா? பின்ன டிவில எப்படி… எதைச் சொருகினாங்களா? பென்டிரைவ்தான். அவங்க பேத்தி பிறந்தநாள் படமெல்லாம் நான்தானே அதுல போட்டுக் குடுத்தேன்… ஆமா… அதே பென்டிரைவ்தான். அழிக்கறதுக்கு முன்னாடி, வீடியோவை அதுல ஒரு காப்பி எடுத்து வெச்சேன். எதை அழிச்சோம்னு பின்னால ஒத்துப் பாக்க வேணாமா?

என்ன தம்பி, சிரிக்கறீங்க?

இந்தாங்க, அந்தப் பென்டிரைவ். மூஞ்சில விட்டெறியாத குறையா லேப்டாப்பு, இது ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. சாயங்காலம் வருவாங்களாம். ஆனா அந்த வீடியோ ஒழிஞ்சாத்தான் எங்க வாசப்படி மிதிப்பாங்களாம். வீட்டுக்காரரும் அது வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாராம். அழிங்க தம்பி, தடயமே இல்லாம அழிங்க…

இருங்க, இருங்க! அமுக்கிடாதீங்க! முதல்ல ஒரு காப்பி எடுங்க. எதை அழிச்சோம்னு அவங்களுக்குக் காட்ட வேணாமா?